உறங்கும் குருளை

கம்பன் கவிநயத்திற்கும் கபிலர் குறிஞ்சிக்கும் ஆண்டுதோறும் இடந்தரும் இப்பக்கங்களில், தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் நாய்க்குட்டியைப் பற்றி எழுத முன்வந்தால் ஆசிரியர்கள் புருவம் நெரிப்பர், நண்பர்கள் நகைப்பர். ஆயினும் யான் அஞ்சவில்லை. தொல்காப்பியனார் மரபியலில் இளமைப் பெயர்களை வகுக்குமிடத்து நாயின் இளமையை மறந்தாரில்லை. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கன் இளமைக்கும் குருளை என்னும் ஒரு பெயரையே அவர் உரிமையாக்கினார். புலிக்குட்டியையும் நாய்க்குட்டியையும் ஒரே வரிசையில் வைத்த அப்பெரியார்க்கு இல்லாத கூச்சம் எனக்கு எதற்கு? நாலடியார் செய்த முனிவரும் யானையனைய பெரியோர் நட்பை விலக்கி நாயனையார் கேண்மையையே கொள்ளச் சொன்னாரன்றோ?

நிற்க. யான் ஈண்டுக் கூறப்புகுந்தது இது. புதிதாக வீட்டிற்கு வந்த நாய்க்குட்டி குரைத்தலும் குதித்தலும் இன்றிச் சாதுவாய் உறங்கிக் கிடந்தால், அதனை உதவாக்கரை என்று தள்ளுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவ்வழக்கம் தவறானது என்பதும், அத்தவற்றின் விலையை எங்கள் நாட்டு ஆடுகள் தம் உயிராற் கொடுக்கின்றன என்பதும் என் கொள்கை.

எங்கள் ஊர் வெள்ளகோவில். காங்கயத்திலிருந்து கரூர் நோக்கிச் செல்லும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து கண்ணயர்ந்தவர்கள் அதனைப் பார்த்திருக்க நியாயமில்லை. 1979 வரை கோயமுத்தூர் ஜில்லாவிலும், பின்னர்ப் பெரியார் என்றும் ஈரோடு என்றும் பெயர்பெற்ற ஜில்லாவிலும், 2009 முதல் திருப்பூர் ஜில்லாவிலும் சேர்ந்த ஊர் அது. ஜில்லாக்கள் மாறினவேயன்றி வானம் மாறவில்லை. மழை குறைந்த அம்மண்ணில் எம் முன்னோர் கண்ட வாழ்வு கொறங்காடு. முள்கிளுவையை நட்டு வேலியாக்கி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரங்களைக் காத்து, அதனுள்ளே ஆட்டையும் மாட்டையும் விட்டுப் படலை அடைத்துவிடுவர். வேலியே இடையன், பகல் முழுதும் கோலூன்றி நிற்க ஆள் வேண்டுவதில்லை. புகழ்பெற்ற காங்கயம் காளைகள் வளர்வதும் இத்தகைய காடுகளிலேதான்.

ஆனால் ஆடு வெளியேறாமைக்கு அமைந்த வேலி, நாய் உள்ளே புகாமைக்கு அமைந்ததன்று. உரிமையாளர் இல்லாத நாய்கள் கூட்டமாகத் திரண்டு கிளுவையின் அடித்தூரில் நுழைந்து, பட்டியில் அடைபட்ட செம்மறிகளைக் கடித்துக் குதறிவிட்டுப் போகின்றன. தின்பது ஒன்று, கொல்வது பல. 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துக் குடியானவர்கள், மாண்ட ஆடுகளைக் கிடத்தி வைத்துக்கொண்டு இழப்பீடு கேட்டுப் போராடிய செய்தியை நாளிதழ் படிப்போர் அறிவர். எங்கள் அப்பாருவின் பட்டியிலும் ஓரிரவில் ஏழு ஆடுகள் மடிந்தன. விடியலில் அவர் படலைத் திறந்தவர் உள்ளே செல்லாமல் வரப்பிலேயே குந்திவிட்டார். அந்த நிலையில் அவரை அதற்குமுன் யான் கண்டதில்லை.

அதன் பின்னரே காவலுக்கு ஒரு குட்டி வேண்டும் என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. கோடை விடுமுறையில் யான் ஊரிலிருந்தபோது, முத்தூர்ப் பாதையிலுள்ள ஒரு தோட்டத்தில் நாட்டு நாய் ஒன்று ஆறு குட்டிகள் ஈன்றிருப்பதாகக் கேள்வியுற்று அப்பாருவும் யானும் சென்றோம். ஐந்து குட்டிகள் ஒன்றன்மேலொன்று ஏறிக் கத்தின. ஆறாவது, செந்நிறமுடையது, சாக்கின் மூலையில் உறங்கிக்கொண்டிருந்தது. அப்பாரு அதனைத் தூக்கினார். அது கண்ணைத் திறந்து அவரைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மீண்டும் உறங்கிவிட்டது. "இது போதும்" என்றார் அவர். எங்கள் ஊர் நாய்களிற் பாதிக்கு மணி என்றே பெயராதலின், நாங்கள் நிறத்தை நோக்கிச் செவலை என்று பெயரிட்டோம்.

வந்த மறுநாளே தீர்ப்புக் கூற வந்துவிட்டார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். என் தந்தையார் பள்ளி ஆசிரியர். அவரை நோக்கி, "ஏனுங் வாத்தியாரே, இது தூங்குமூஞ்சியா இருக்குதுங்க. பொட்டைக் குட்டி வேற. காவலுக்கு ஆகாதுங்க. கொண்டுபோய் விட்டுப்போட்டு வேறொண்ணு பாருங்க" என்றார். எங்கே கொண்டுபோய் விடுவது என்று அவரும் கூறவில்லை. என் தந்தையாரும் வினவவில்லை. ஊரில் யாவர்க்கும் தெரிந்த இடங்கள் அவை: சந்தைப்பேட்டை, நெடுஞ்சாலையோரம், கோழிக்கழிவு கொட்டும் பள்ளம்.

யான் செவலைக்குப் பரிந்து பேச எழுந்தேன். எழுந்தவன் உடனே வாயடைத்து நின்றேன். அதன் காரணத்தை மறைத்தல் தகாது. அதற்கு முந்திய ஆண்டும் எங்கள் வீட்டிற்கு ஒரு குட்டி வந்திருந்தது. அதுவும் உறங்கியது. "எவ்வளவு சாதுவான குட்டி!" என்று நாங்கள் புகழ்ந்தோம். மூன்றாம் நாள் அது சோற்றை முகர்ந்துவிட்டுப் படுத்தது. என் தாயார் ஐயுற்றார். "அலுப்பாக இருக்கும், உறங்கட்டும் அம்மா" என்றவன் யானே. நான்காம் நாள் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கண்டன. கால்நடை மருத்துவர் அது பார்வோ என்னும் நச்சுநோய் என்றார். அன்றிரவே அது இறந்தது. ஆதலின் உறங்கும் குட்டிக்காக வழக்காடும் உரிமை ஒருவனுக்கு இல்லையெனின், அவன் யானே.

அந்த அச்சத்தாலேயே இம்முறை செவலையைத் தூக்கிக்கொண்டு நேரே மருத்துவரிடம் ஓடினேன். அவர் கூறியவற்றை யாவரும் அறிதல் நலம். இரண்டு திங்கட் பருவத்து நாய்க்குட்டி ஒரு நாளின் 24 மணியில் 18 முதல் 20 மணிநேரம் உறங்குவது இயல்பேயாம். அதன் உடல் வளர்வதும் மூளை முதிர்வதும் அவ்வுறக்கத்திலேதான். உறக்கத்தில் காலை உதறுதலும் முனகுதலும் நோயல்ல. குட்டி எத்துணை நேரம் உறங்குகிறது என்று கணக்கெடுப்பதனாற் பயனில்லை; எழுந்தபின் என்ன செய்கிறது என்பதே பார்க்கவேண்டுவது. எழுந்தவுடன் உணவை நாடி, வாலாட்டி, எதையேனும் கவ்வி இழுத்து, ஓர் அரைமணி ஆட்டங்காட்டிவிட்டு மீண்டும் சுருண்டால் அது நல்லுறக்கம். எழுப்பினும் எழாமை, சோற்றில் வெறுப்பு, வாந்தி, கழிச்சல் இவற்றில் ஒன்று தோன்றினும் மறுநாள்வரை காத்திருத்தல் கூடாது. ஈறு செவ்வையாயிருத்தல் வேண்டும்; விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் வெளுப்பு மாறிச் செந்நிறம் திரும்பவேண்டும். எப்போதும் வெளுத்திருப்பின் குடற்புழுவோ உண்ணியோ இரத்தத்தைக் குடிக்கின்றது என ஐயுறலாம். இவ்வளவும் எனக்கு ஓராண்டு முன்னரே தெரிந்திருக்கவேண்டும்.

பார்வோ நோய் 1978-ஆம் ஆண்டையொட்டி உலகில் திடீரெனத் தோன்றிப் பரவியது. எங்கள் அப்பாருவின் இளமையில் இல்லாத நோயாகையால் அவர் பட்டறிவு அதனிடம் செல்லவில்லை. அதன் நச்சுயிர் மண்ணிற் பல திங்கள் மாயாதிருக்கும். பழைய குட்டி கிடந்த இடத்தைச் சலவைத்தூள் கரைசலால் கழுவச் சொன்னார் மருத்துவர். ஆறு முதல் எட்டாம் வாரத்திற்குள் முதல் தடுப்பூசியும், பின்னர் மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறை பதினாறாம் வாரம்வரை மறு ஊசிகளும், மூன்றாம் திங்களில் வெறிநோய்த் தடுப்பூசியும் இடவேண்டும் என்றார். ஊசி என்றதும் அப்பாரு நடுங்கினார். அவர் நினைவிலிருந்தது மனிதர்க்கு வயிற்றில் இட்ட பழைய பதினான்கு ஊசி! 1907-ல் குன்னூரிற் பாஸ்டர் நிலையம் நிறுவப்பெற்ற பின்னர் நாய்க்கடிபட்ட தென்னாட்டார்க்கு அம்மலையே புகலிடமாயிருந்தது. இன்று அவ்வூசி வழக்கொழிந்து, தோளில் இடும் சில ஊசிகளாகச் சுருங்கிவிட்டது. ஆயினும் ஒன்று: விளையாட்டாகக் குட்டியின் பல் பட்டு இரத்தங் கசிந்தாலும் சோப்பிட்டுக் கால்மணி நேரம் ஓடும் நீரிற் கழுவி, மருத்துவரைக் காணாதிருத்தல் அறியாமை. 'குட்டிதானே' என்று விட்டவர்கள் பலர் இறந்துள்ளனர்.

உணவைப் பற்றி விரிக்கவில்லை. பசும்பாலைக் கிண்ணம் நிறைய வைப்பதுதான் அன்பு என்று எங்கள் அப்பத்தா எண்ணியிருந்தார். பசுவின் பால் பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை, கழிச்சலே மிஞ்சும். தயிர்ச்சோறும் வேகவைத்த முட்டையுமாக, நாளைக்கு நான்கு வேளை சிறிது சிறிதாகக் கொடுத்தோம்.

இனி, வீட்டில் அதனைப் பழக்கிய வரலாறு. முதலிரவு செவலை அழுதது. பகலெல்லாம் உறங்கிய பிராணி இரவில் தாயைத் தேடி அழுவதில் வியப்பென்ன? ஐந்து உடன்பிறப்புக்களின் வெப்பத்திற் கிடந்த உயிர் ஒரே இரவில் தனிமைப்பட்டது. அழும் குட்டியைக் களத்துமேட்டிற் கட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதே வழக்கம். 'அழுது அடங்கினால் பழகிவிடும்' என்பர். அடங்குவது உண்மைதான், பழகியதனாலன்று, நம்பிக்கை இழந்ததனால். அப்பாரு மறுநாள் முத்தூர்ப் பாதைத் தோட்டத்திற்குச் சென்று, தாய்நாய் படுத்திருந்த சாக்கையே கேட்டு வாங்கிவந்தார். அதனை எங்கள் பக்கத்தில் ஆசாரம் என வழங்கும் முன்கட்டில், என் கயிற்றுக்கட்டிலுக்கு அடியில் விரித்தோம். இரவில் அது முனகும்போது கையைக் கீழே தொங்கவிட்டால் போதும். விரலை முகர்ந்து பார்த்துவிட்டு உறங்கிவிடும். நான்காம் இரவு முதல் அதுவும் வேண்டியிருக்கவில்லை. உறங்கி எழுந்தவுடனும் உண்டவுடனும் முற்றத்திற்குத் தூக்கிச் சென்றமையால், பத்து நாளில் ஆசாரத்தை நனைப்பதும் நின்றது. என் தங்கைக்கு ஒரே ஒரு விதி விதித்தோம்: உறங்கும் குட்டியைத் தூக்கலாகாது; அதுவே எழுந்து வரட்டும். அவ்விதியை அவள் காத்ததைவிட, வருகின்ற விருந்தினர்களைக் காக்கச் செய்வதுதான் கடினமாயிருந்தது.

பெரியவரின் தீர்ப்பிற்கு இப்போது வருவோம். காவல்நாய் என்றால் பிறந்தது முதல் சீறவேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காகவே சிலர் குட்டியைச் சங்கிலியிற் பிணித்துக் கம்பாற் சீண்டிச் சினமூட்டி வளர்க்கின்றனர். அமெரிக்காவிற் பார் ஹார்பர் என்னுமூரில் பல்லாண்டு நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்த ஸ்காட், ஃபுல்லர் என்னும் அறிஞர் இருவர் 1965-ல் ஒரு நூல் வெளியிட்டனர். மூன்றாம் வாரந்தொடங்கிப் பன்னிரண்டாம் வாரம்வரை குட்டி எவரோடு பழகுகின்றதோ அவரையே தன் சுற்றமாகக் கொள்ளும் என்பது அவர்கள் கண்ட முடிபுகளுள் ஒன்று. அப்பருவத்தில் கம்பொன்றையே சுற்றமாகக் கண்ட குட்டி யாரைக் காக்கும்? அஞ்சிய நாய் அஞ்சியதையெல்லாம் கடிக்கும். தபால்காரரையும் கடிக்கும், ஆட்டையும் கடிக்கும்.

ஆட்டுக்காவலுக்கோ சாதுவே வேண்டும். இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. சார்லஸ் டார்வின் தமது கப்பற் பயணத்தில் 1833-ல் தென்னமெரிக்காவில் இன்று உருகுவே எனப்படும் நாட்டிற் கண்டதை எழுதிவைத்தார். அங்கே வீட்டிலிருந்து சில மைல் தொலைவில், ஆளின்றிப் பெருமந்தையை ஓரிரு நாய்கள் காத்தன. அவற்றைப் பழக்கும் முறை இதுவாம்: மிகச் சிறு குட்டியைத் தாயினின்று பிரித்து, நாளைக்கு மூன்று நான்கு முறை பெண்ணாட்டைப் பிடித்து நிறுத்திப் பாலூட்டுவர், ஆட்டுப்பட்டியிலேயே கம்பளி மயிரால் அதற்குப் படுக்கை அமைப்பர், பிற நாய்களோடும் பிள்ளைகளோடும் சேரவிடார், பெரும்பாலும் மலடாக்கிவிடுவர். அந்நாய் ஆட்டையே தன் இனமாகக் கருதி வளரும். இம்முறை முழுவதையும் யான் உடன்படேன். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றல் கூடாதென்பது நம் நாட்டில் 2017-ல் வந்த விதி. அது நல்ல விதி. பிள்ளைகளோடு பழகாத நாய் எங்கள் வீட்டிற்கு ஆகாது. கம்பளிப் படுக்கைக்கும் வழியில்லை. எங்கள் மேச்சேரி ஆட்டின் உடம்பில் குட்டை மயிரேயன்றிக் கம்பளி இல்லை. ஆயினும் அதன் உட்கருத்து எங்களுக்குப் பயன்பட்டது. பத்தாம் வாரம் முதல் மாலைதோறும் செவலையைத் தூக்கிச் சென்று பட்டிக்குள் அப்பாரு தம் மடியில் வைத்துக்கொண்டார். ஆடுகள் வந்து முகர்ந்தன. ஒரு துள்ளுகுட்டியாயின் குரைத்து விரட்டியிருக்கும். ஆடு மிரண்டு வேலியில் மோதியிருக்கும். செவலையோ சிறிது நேரம் நோக்கிவிட்டு, அப்பாருவின் வேட்டி மடிப்பில் உறங்கிவிட்டது. பெரியவர் குறையென்று காட்டிய இயல்பு அன்று கண்ணெதிரே பயன்பட்டதைக் கண்டேன்.

உறக்கத்தைச் சோம்பல் எனல் பிறிதொரு வகையாலும் பொருந்தாது. புடாபெஸ்ட் நகரத்து ஆராய்ச்சியாளர் 2017-ல் வெளியிட்ட கட்டுரையொன்று, நாய்கள் புதிதாகக் கற்றதை உறக்கம் நிலைப்படுத்துகின்றது என்று மூளையின் மின்னலைகளை அளந்து காட்டியது. அவர்கள் அந்நாய்களுக்குக் கற்பித்த பாடம் யாது தெரியுமா? ஹங்கேரி மொழியில் அறிந்த ஏவல்களை ஆங்கிலத்தில்! ஆங்கிலம் பயின்றபின் உறங்கவேண்டியிருப்பது விடுதி மாணவர்க்கு மட்டும் உரிய நிலையன்று போலும்.

பெரியவரின் சொற்களில் என்னை மிகவும் வருத்தியது 'தூங்குமூஞ்சி' என்பதன்று. 'பொட்டைக் குட்டி வேற' என்பதே. செவலையோடு பிறந்த ஐந்தும் எங்கே என்று பின்னொருநாள் அத்தோட்டத்தில் வினவினேன். ஆண் இரண்டையும் கேட்டவர்கள் கொண்டுபோயினர். பெட்டை மூன்றையும் ஒருவரும் கேட்கவில்லை. நெடுஞ்சாலைப் பக்கம் விட்டுவிட்டதாகக் கூறினர். அவற்றுட் பிழைத்தது எதுவாயினும் கோழிக்கழிவைத் தின்று வளர்ந்து, ஓராண்டுக்குள் தானும் ஈனும். அக்குட்டிகளை எவரும் மடியில் வைத்துப் பட்டிக்குள் உட்காரப் போவதில்லை. ஆட்டை இரையென்றே அவை அறியும். பட்டியில் ஆடு மடிந்தால் அரசாங்கத்தை நோக்கிக் கைநீட்டுகிறோம். நீட்டுதல் நியாயமே, இழப்பு பெரிது. நகராட்சி நாய்களைப் பிடித்து மலடாக்கி ஊசியிடுக என்கிறோம், அதுவும் வேண்டியதே. ஆனால் சாக்கில் கட்டிச் சாலையோரம் விட்ட கை எவருடையது? எங்கள் ஊரில் இக்கேள்வியைக் கேட்டால் பேச்சு முருங்கைக்காய் விலைக்கு மாறிவிடுகிறது.

தீபாவளி விடுமுறைக்கு ஊர் சென்றபோது செவலைக்கு எட்டுத் திங்கள். பகலில் இன்னும் உறங்குகின்றது. பொழுது சாய்ந்தால் பட்டியைச் சுற்றி வருகின்றது. அதனை மலடாக்கும் சிகிச்சையைச் செய்துவிடவேண்டும் என்று அப்பாருவிடம் கூறினேன். "ஒரே ஒரு ஈத்து ஈனட்டும் கண்ணு. இவளாட்டம் இன்னொண்ணு கெடைக்குமா?" என்றார். ஆறு ஈன்றால் ஐந்துக்கு வீடு தேட வேண்டுமே, பெட்டையாயின் எவர் கேட்பர் என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. வெற்றிலையை மடித்து வாயிலிட்டுக்கொண்டு, கோலை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் புறப்பட்டார். செவலை எழுந்து சோம்பல் முறித்து அவர் பின்னே சென்றது. மருத்துவரிடம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு நாள் கேட்டு வைத்திருக்கிறேன்.